பதினோராம் வார்டின் ஜீப்பு கவுன்சிலர்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19, சனிக்கிழமை. முல்லைக்கரை நகராட்சி, பதினோராம் வார்டு, பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. வாக்காளர்கள் 1,718 பேர். பதிவான வாக்குகள் 1,204. போட்டியிட்டவர்கள் ஐவர். வெற்றி பெற்றவர் ரூ. ஜெசிந்தா, வயது 41, சுயேச்சை, சின்னம் சாவி, பெற்ற வாக்குகள் 431. அடுத்து வந்தவர் 412. மார்ச் 2 அன்று ஜெசிந்தா நகர்மன்ற உறுப்பினராக உறுதிமொழி ஏற்றார். உறுப்பினர் விவரப் பட்டியலில் 'தொழில்' என்ற இடத்தில் 'ஏலத்தோட்டக் கூலி' என்று எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பத்தொன்பது வாக்கு வித்தியாசம் எப்படி வந்தது என்பதை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்வதுண்டு. நடந்தது எளிது. பதினோராம் வார்டின் பெண்களில் பலர் விடியுமுன் ஐந்து மணிக்கு ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். திரும்பி வரும்போது மாலை ஆறாகிவிடும். வாக்குச்சாவடியின் கதவு அதற்குள் மூடிவிடும். அதனால் பல தேர்தல்களாக அந்த வார்டின் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள்தாம். ஜெசிந்தா தேர்தலுக்கு முந்திய வாரம் ஒவ்வொரு ஜீப்பு ஓட்டுநரையும் தனித்தனியே பார்த்து, அன்று ஒருநாள் மட்டும் எட்டு மணிக்கு வண்டி எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். ஏழு மணிக்குச் சாவடி திறந்தபோது வாசலில் காய் எடுக்கும் பெண்களின் வரிசை தெருமுனை வரை நின்றது. கட்சிக்காரர்கள் காலைச் சிற்றுண்டி முடித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு சாவடிப் பக்கம் வந்தபோது ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிட்டன.

தோற்ற தரப்பினர் அன்று முதல் அவருக்கு 'ஜீப்பு கவுன்சிலர்' என்று பெயர் வைத்தார்கள். இளப்பமாகத்தான் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

உறுப்பினரான பிறகும் ஜெசிந்தா ஜீப்பில் போவதை விடவில்லை. கூட்டம் உள்ள நாளும் நகராட்சி அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாளும் நீங்கலாக, மற்ற நாள்களில் முன்போலவே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கிடையே குனிந்து காய் எடுத்தார். வார்டின் குறைகளெல்லாம் ஓடும் வண்டியிலேயே வந்து சேர்ந்தன: எரியாத தெருவிளக்கு, அள்ளப்படாத சாக்கடை மண், ரேஷன் கடை திறக்கும் நேரம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தபடியே அவற்றைப் பேசினார்கள். ஓட்டுநர் ஒச்சாண்டி மட்டும் அவ்வப்போது முன்னாலிருந்து குரல் கொடுப்பார்.

"ஏத்தா, மன்றக் கூட்டத்தக் கொஞ்சம் மெதுவா நடத்துங்க. பெரேக்குச் சத்தமே எனக்குக் கேக்க மாட்டேங்குது."

இப்படி மனிதர்களைக் கேட்டறிவதை ஜெசிந்தா அரசியலில் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய தேவாலயப் பங்கில் முப்பது வீடுகளைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று வைத்திருந்தார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். நோய்நொடி, நல்லது கெட்டது பேசுவார்கள். ஒன்பது ஆண்டுகள் அவர் அதன் பொறுப்பாளராக இருந்தார். திருவிழா வந்தால் பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைப்பதும், இரண்டு குடும்பங்களுக்கு மனத்தாங்கல் என்றால் நேரே வாசலில் போய் நின்று கேட்பதும் அவருக்குப் பழகிய வேலை. எதையும் நேரில் கேட்டால் முடிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவரை இக்கட்டிலும் கொண்டுபோய்விட்டது.

வார்டின் தீராத குறை தண்ணீர். தண்ணீர் இல்லை என்பதல்ல, வரும் நேரம்தான் குறை. பதினோராம் வார்டுக்கும் அடுத்திருந்த பன்னிரண்டாம் வார்டுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி. ஒரே நேரத்தில் இரண்டுக்கும் திறந்தால் எதற்கும் வேகம் இருக்காது என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஒன்பது மணிக்குப் பதினோராம் வார்டுக்கும் மாலை ஆறரைக்குப் பன்னிரண்டாம் வார்டுக்கும் திறந்துவிடுவார்கள். எப்போது, யார் இப்படி வைத்தார்கள் என்பது அலுவலகத்திலேயே எவருக்கும் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்குப் பதினோராம் வார்டின் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

ஆகவே பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். பூட்டிய வீடுகளில் எட்டு வீட்டுக்கு ஒருத்தி, தண்ணீர் நாளில் வேலைக்குப் போகாமல் நின்று, எட்டு வீட்டுக் குடங்களையும் நிரப்பி வைக்கவேண்டும். அதற்குக் 'குழாய்முறை' என்று பெயர். மாதத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் ஒவ்வொருத்திக்கும் முறை வரும். அந்த இரண்டு நாளும் கூலி இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில், காய்ப் பருவம் ஏறியபோது, தோட்டத்து மேற்பார்வையாளர் பெண்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"சேச்சிமாரே, துலாம் மாசம் பிறந்தா முடக்கம் இல்லாம வர்றவங்க மதி. நடுவில நடுவில லீவு எடுக்கிறவங்க வேண்டா."

மதி என்றால் போதும். துலாம் என்பது ஐப்பசி. அதற்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது.

கிளாராவுக்கு அன்று முழுவதும் கை ஓடவில்லை. ஜெசிந்தாவுக்கு அடுத்த தெரு. பதினாறு ஆண்டுகளாக ஒரே ஜீப்பு. கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் சம்பாதிப்பது கிளாரா ஒருவர்தான். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். திரும்பும் வழியில் அவர் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, முறைய விட்டா எட்டு வீடு காயும். வேலைய விட்டா என் வீடு காயும். நான் எத விட?"

"ரெண்டையும் விட வேணாம். தண்ணி நேரத்த மாத்திப்புடலாம்."

"ஓட்டுக் கேக்க வந்தப்பவும் இதையேதான சொன்ன?"

வண்டியில் சிரிப்பு எழுந்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"ஐப்பசிக்குள்ள மாத்தித் தரலேன்னா, அடுத்த தடவ உங்க வாசல்ல ஓட்டுன்னு வந்து நிக்க மாட்டேன். இது சத்தியம்."

ஆகஸ்ட் 25ஆம் தேதி நகர்மன்றக் கூட்டத்தில் ஜெசிந்தா எழுந்து நேர மாற்றம் கேட்டார். பொறியாளர், வால்வை மாற்றித் திறப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை, பன்னிரண்டாம் வார்டு ஒப்புக்கொண்டால் இரு வார்டுகளின் நேரத்தையும் பரிமாறிக்கொள்ளலாம் என்றார். எல்லாருடைய பார்வையும் பன்னிரண்டாம் வார்டு உறுப்பினர் சுருளிராஜன் பக்கம் திரும்பியது. அவர் தேங்காய் வியாபாரி, மூன்றாம் முறை உறுப்பினர், நயமாகப் பேசுகிறவர்.

"எனக்கென்னம்மா ஆட்சேபணை? என் வார்டு ஜனங்க சரின்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் புன்னகைத்தார். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

நகர்மன்றத்தில் பழகிய எவரும் அந்த வாக்கியத்தை 'முடியாது' என்றே எடுத்துக்கொள்வார்கள். ஜெசிந்தா அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். மறுநாள் ஜீப்பில் அவர் சொன்னதைக் கேட்டு ஒச்சாண்டி திரும்பிப் பார்த்தார்.

"ஏத்தா, அவுக மாட்டேன்னுல்ல சொல்லிருக்காக."

"மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாக. ஜனங்கள கேளுன்னாக. கேட்டுருவோம்."

"அவுக வார்டுக்குள்ள நீங்க போயா?"

"எதுத்த தெருவுக்குப் போறதுக்கு பாஸ்போர்ட்டா வேணும்?"

ஒச்சாண்டி கியரை மாற்றினார்.

செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கு விடுமுறை அன்றுதான். முதல் பூசை முடிந்ததும் பன்னிரண்டாம் வார்டின் கடைவீதியில் வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று ஏற்பாடு. திருவிழாவுக்கு அழைக்கப் போவதுபோல முகம் கழுவி, பூ வைத்து, நல்ல சேலை கட்டி வரும்படி ஜெசிந்தா சொல்லியிருந்தார். அப்படியே இருபத்தாறு பேர் வந்தார்கள். கோயிலுக்குப் போகிற பெண்களும் ஐந்தாறு பேர் விபூதியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது.

குடத்துக்குக் காரணம் இருந்தது. கடைவீதியின் கோடியில், சந்தை முக்கில், பொதுத் தொட்டி ஒன்று உண்டு. வாரம் முழுவதும் குறைபட்டதை ஞாயிறன்று அங்கே பிடித்து வருவது அவர்கள் வழக்கம். ஒரே தெருவுக்கு இரண்டு நடை எதற்கு, கேட்டுவிட்டு அப்படியே போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஆளாளுக்குத் தோன்றியிருக்கிறது. எவரும் எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவின் இடுப்பிலும் ஒரு பச்சைக் குடம் இருந்தது.

காலிக்குடங்களோடு முப்பது பெண்கள் ஒன்றாகத் தெருவில் நடந்து வந்தால், தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் அதன் பொருள் ஒன்றுதான். முதல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. அடுத்தது முழுவதும் இறங்கியது. பால் வண்டிக்காரர் வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார். யாரோ காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர், இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் வந்து படம் எடுத்தார். பெண்கள் இது ஒன்றும் புரியாமல், பூவும் பொட்டுமாக, சிரித்த முகத்தோடு நடந்து வந்தார்கள்.

இரும்புக் கடைக்காரர் வீட்டு வாசலில் அந்த நேரத்தில் ஒரு வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் பொறுப்பெல்லாம் கருத்தம்மாள் கையில், ஐம்பத்தைந்து வயது, தெருவில் அவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை அதிகம் வந்ததில்லை. மகன் பாண்டீஸ்வரனுக்கு உத்தமபாளையத்தில் பெண் பார்த்து, அன்று நிச்சயம் செய்யப் போகிறார்கள். தாம்பாளங்கள் ஏறிவிட்டன. தேங்காய் உடைத்தாயிற்று. வேன் ஓரடி நகர்ந்தது. எதிரே முப்பது வெறுங்குடங்கள்.

"ஏய், நிறுத்துப்பா வண்டிய!"

கருத்தம்மாள் பட்டுச்சேலையோடு குதித்து இறங்கினார்.

"ஆத்தாடி ஆத்தா! நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரத்துல இம்புட்டு வெறுங்கொடமா? யாருத்தா நீங்கள்லாம்? எம் மகனுக்குக் கல்யாணமே ஆகக் கூடாதுன்னு நேந்துக்கிட்டு வந்திருக்கீகளா?"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தம் இடுப்பு கண்ணில் பட்டது. திரும்பிப் பார்த்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாகக் குடங்கள். பாதி இறங்கிய ஷட்டர்களும் தெரிந்தன.

"ஐயய்யோ அக்கா, மறியலுக்கு வரல. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம். கொடம் சும்மா, அங்கன முக்குல தண்ணி பிடிக்க..."

"கேக்குறத அப்புறம் கேளு. மொதல்ல கொடத்த நெறப்பு! ஒண்ணுகூட வெறுசா இருக்கக் கூடாது. டேய் பாண்டி, எறங்குடா. போய் மோட்டாரப் போடு!"

மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு இறங்கி ஓடினார். கார் கழுவும் ரப்பர்க் குழாயை முற்றத்திலிருந்து தெருவுக்கு இழுத்தார்கள். அவசரத்தில் குழாய் கைநழுவிச் சுழன்று, மாப்பிள்ளையின் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது. வேனில் இருந்த உறவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கருத்தம்மாள் சத்தம் போட்டு மோட்டார் போடச் சொன்னார். மூன்று குழாய்களில் குடங்கள் நிறைந்தன.

நிறைந்துகொண்டிருக்கும்போதே கருத்தம்மாளுக்கு மூச்சு சற்றே நிதானப்பட்டது.

"சரி, என்ன கேக்க வந்தீக?"

ஜெசிந்தா நேர மாற்றத்தைச் சொன்னார். காலைத் தண்ணீர், பூட்டிய வீடு, குழாய்முறை, ஐப்பசி, எல்லாவற்றையும் சொன்னார். கருத்தம்மாள் கேட்டுவிட்டு உள்ளே திரும்பினார்.

"ஏப்பா, நமக்குத் தண்ணி எத்தன மணிக்கு வருது?"

வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர் வீட்டில் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. கடைவீதியில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தரைக்குக் கீழே தொட்டி இருக்கிறது. தண்ணீர் எப்போதோ வந்து அதில் விழுகிறது. மோட்டார் அதை மாடிக்கு ஏற்றுகிறது.

"எப்ப வந்தா எங்களுக்கு என்னத்தா? இதுக்கா இத்தன பேரு கெளம்பி வந்தீக? எடுத்துக்கிருங்க சாயங்காலத்த" என்றார் கருத்தம்மாள்.

காவல் வாகனம் வந்து நின்றது. உதவி ஆய்வாளர் இறங்கி, தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க மறியல் பண்றது யாரு?"

கிளாரா நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"கொடம் நெறஞ்சு போச்சே சார். இனிமே எதுக்கு மறியல்?"

பெண்களைத் தெருவின் இருபுறமும் நிறைகுடத்தோடு வரிசையாக நிற்கவைத்தார் கருத்தம்மாள். மாப்பிள்ளை வேறு சட்டை மாற்றிக்கொண்டு ஏறினார். வேன் அந்த வரிசைக்கு நடுவே ஊர்ந்து, உத்தமபாளையம் சாலையில் திரும்பியது. உதவி ஆய்வாளரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார். மிச்சமிருந்த வீடுகளுக்கும் பெண்கள் போய்க் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

திங்கள்கிழமை செய்தித்தாளில் படம் வந்தது. நிறைகுடமல்ல, காலிக்குடம். 'குடிநீர் கேட்டுப் பெண்கள் முற்றுகை: 12ஆம் வார்டில் பரபரப்பு' என்று தலைப்பு. வார்டு உறுப்பினர் மீது மக்கள் அதிருப்தி என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குள், ஜீப்பு மெட்டில் ஏறிக்கொண்டிருந்தபோதே, ஜெசிந்தாவின் தொலைபேசி ஒலித்தது.

"ஏம்மா, எத்தன நாளா இந்த யோசன? என் வார்டுக்குள்ள வந்து, என் ஜனங்க முன்னால, என்னயவே முற்றுகையா?"

"அண்ணே, அது முற்றுகை இல்லண்ணே..."

"பேப்பர்ல போட்டிருக்கான். இருபது வருசமா எந்தக் கவுன்சிலரும் இன்னொருத்தர் வார்டுல சொல்லாமக் கால் வச்சதில்ல. அடுத்த கூட்டத்துல உன் தீர்மானம் வரட்டும், பாத்துக்கிறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வண்டியில் எல்லாருக்கும் கேட்டிருந்தது. பிற்பகல் தலைவர் அலுவலகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள்: சுருளிராஜன் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பொருள் கூட்ட நிரலில் வராது.

இரண்டு நாள் ஜெசிந்தா சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் ரூபன் திராட்சைத் தோட்டங்களில் கொடி நறுக்கிக் கவாத்து செய்கிறவர்; அதிகம் பேசாதவர். மற்ற பெண் உறுப்பினர்களின் கணவர்கள் கூட்ட நாளில் நகராட்சி வராந்தாவில் நாற்காலி போட்டு அமர்வதுண்டு. ரூபன் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. புதன்கிழமை மாலை அவரே பேச்செடுத்தார்.

"போய்ப் பாத்துட்டு வா அவர."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வந்தா, புருசன் பேச வந்திருக்கான்னு ஆயிரும். தப்புன்னா தப்புன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தகூட எறங்கிப் போகாத."

சுருளிராஜனின் தேங்காய்க் கிட்டங்கி சந்தை முக்கில் இருந்தது. மட்டை உரிக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"உங்களக் கேக்காம வந்தது தப்புண்ணே. கொடத்தோட வந்தது அதவிடத் தப்பு. பேப்பர்ல வந்ததுக்கு மன்னிச்சுக்கிருங்க" என்றார் ஜெசிந்தா.

சுருளிராஜன் எதிர்பார்த்தது சண்டை.

"தப்புன்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. ஆனா ஜனங்கள கேளுன்னு நீங்கதான் சொன்னீக. கேட்டேன். சரின்னுட்டாக."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா! அதுக்குன்னு கெளம்பி வருவியா?"

"எனக்குப் பேச்சுக்குச் சொல்றது தெரியாதுண்ணே. புதுசுல்ல."

சுருளிராஜன் சிரிப்பை அடக்க முயன்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, அவருக்கே உரிய கணக்கோடு கேட்டார்: கடைவீதிக்குப் பின்னால் தையற்காரர் சந்தில் பதினெட்டு வீடுகளுக்குத் தரைத்தொட்டி கிடையாது, அவர்களுக்கு மாலைத் தண்ணீர் போனால் யார் பதில் சொல்வது? ஜெசிந்தாவுக்கு இது புதிது. ஞாயிறன்று அந்தச் சந்துக்குள் அவர்கள் போகவில்லை. நேர்மையான கேள்வி என்று அவருக்குப் பட்டது.

"அவுகளையும் கேக்கணும். இந்தத் தடவ நீங்களும் வாங்க. வெறுங்கையோட வாரேன்."

அந்த நேரத்தில்தான் கருத்தம்மாள், தட்டில் பழமும் மஞ்சள் தடவிய அழைப்பிதழுமாகக் கிட்டங்கிக்குள் நுழைந்தார். நிச்சயம் நல்லபடி முடிந்து, கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடியே, நீயா! முதல் பத்திரிக உனக்குத்தாண்டி தரணும். நெறகொடம் புடிச்சு அனுப்பி வச்ச மவராசி." சுருளிராஜன் பக்கம் திரும்பினார். "தம்பி, இவளுக்குத் தண்ணிய மாத்திக் கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்லக்கா. ஜனங்க அபிப்பிராயம்..."

"ஜனங்கன்னா யாரு? எங்க வீட்டுல ஒம்பது ஓட்டு. நாங்க ஜனம் இல்லயா?"

மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சுருளிராஜன் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காரும்மா. ஒண்ணு சொல்றேன். தீர்மானத்த நான் கொண்டுவாரேன். நீ வழிமொழி. அங்கன பேப்பர்ல முற்றுகைன்னு வந்தது, இங்கன விட்டுக்கொடுத்தாருன்னு வரட்டும். சம்மதமா?"

அது ஜெசிந்தாவின் தீர்மானம். அதைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டிருந்தார். சுயேச்சைக்கு அடுத்த தேர்தலில் காட்ட வேறென்ன இருக்கும்? ஆனால் ஐப்பசிக்கு ஐந்து வாரமே இருந்தது. கிளாரா அன்று வேலைக்குப் போகாமல், குழாய்முறைக்காக வீட்டில் நின்றிருந்தார்.

"சம்மதம்ண்ணே" என்றார்.

மறுநாள் ஜீப்பில் பெண்கள் கொந்தளித்தார்கள்.

"நாம கொடம் சுமந்து அவமானப்பட்டது, அவுக பேரா?" என்றார் கிளாரா.

"அவமானமா? மாப்பிள்ள சட்டய நனைச்சுட்டு வந்தமே, அது போதாதா?"

"வெளாடாத மதினி. உன் பேரு வர வேணாமா?"

"ஐப்பசில நீ இந்த வண்டில இங்கன என் பக்கத்துல ஒக்காந்து இதே மாதிரி என்னய வையணும். எனக்கு அது வேணும்."

கிளாரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் ஜெசிந்தாவின் தோளில் போட்டிருந்த கையை எடுக்கவில்லை.

தையற்காரர் சந்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பதினெட்டு வீடுகளில் பதினான்கு வீடுகள், காலையில் வந்தால் சமையலுக்கே ஆகும் என்று மகிழ்ந்தன. நான்கு வீடுகளில் கணவனும் மனைவியும் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மாலை நேரம்தான் வேண்டும். பொதுத் தொட்டியை அன்றாடம் மாலையில் நிரப்புவது என்றும், சந்து முனைக்கு அதிலிருந்து ஒரு குழாய் இழுப்பது என்றும் தீர்மானத்தில் சேர்த்தார்கள். நான்கு வீடுகளில் ஒரு வீடு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் ஜெசிந்தா மறைக்காமல் கூட்டத்தில் சொன்னார்.

செப்டம்பர் 29 கூட்டத்தில் சுருளிராஜன் எழுந்து, அண்டை வார்டின் உழைக்கும் மகளிர் நலன் கருதித் தம் வார்டு மக்கள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக நீண்ட உரையாற்றினார். ஜெசிந்தா ஒரே வரியில் வழிமொழிந்தார். ஒரு வார்டுக்கு மாற்றினால் எல்லா வார்டும் கேட்கும் என்று சிலர் எதிர்த்தார்கள்.

"கேட்டா என்னங்கய்யா? கேக்கத்தான ஜனங்க நம்மள இங்கன அனுப்பியிருக்காக" என்றார் ஜெசிந்தா, உட்கார்ந்தபடியே.

இருபத்து நான்கு உறுப்பினர்களில் பதினேழு பேர் கை தூக்கினார்கள், நால்வர் எதிர்த்தார்கள், மூவர் வரவில்லை. அடுத்த வாரமே இரு வார்டுகளின் எல்லையில் சுருளிராஜன் ஒரு பிளக்ஸ் வைத்தார். அவருடைய படம் ஆளுயரத்துக்கு இருந்தது. கீழே ஓரத்தில், தபால்தலை அளவில், ஜெசிந்தா. ஒச்சாண்டி வண்டியை நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏத்தா, அது நீங்களா, இல்ல அச்சடிச்சவன் வீட்டுப் போன் நம்பரா?"

ஜீப்பு குலுங்கச் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தார்.

அக்டோபர் 9, திங்கள்கிழமை, பதினோராம் வார்டுக்கு முதல் மாலைத் தண்ணீர். ஜீப்புகள் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து நின்றன. பெண்கள் கால் கழுவவும் நேரமின்றி வீட்டுக்கு ஓடினார்கள். ஆறரைக்குக் குழாய்களில் முதலில் காற்று சீறியது, பிறகு சிவந்த தண்ணீர், பிறகு தெளிந்தது. கிளாரா தம் வீட்டுக் குடத்தை, தம் வீட்டுக் குடத்தை மட்டும், குழாயடியில் வைத்தார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பேச்சும் குடமும் சத்தமிட்டன. யாரோ ஒரு பெண், தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, தெருவிளக்குதான் எரியவில்லை என்று ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா கம்பத்தின் எண்ணைப் பார்க்க அவரோடு போனார்.

அன்று பதினோராம் வார்டிலிருந்து மலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள்: 174. குழாய்முறைக்காக வீட்டில் நின்றவர்கள்: எவருமில்லை.